படிக்கல்லும் பள்ளமும்

எங்கள் தெரு ஒரு காலத்தில் நகரத்தின் கடைசித் தெருவாக இருந்தது. அதற்கு அப்பால் நாணலும் புல்லும் வானமும்தான். நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் நகரம் எங்களைக் கடந்து போகத் தொடங்கியது. கடந்து போகிறவர்கள் வழக்கமாக ஒரு வணக்கமாவது சொல்வார்கள். நகரத்திற்கு அந்தப் பண்பும் இல்லை. முதலில் மண் லாரிகள் வந்தன. பிறகு கம்பிவேலி வந்தது. பிறகு வேலியின்மேல், 'இயற்கையின் மடியில் இருநூறு இல்லங்கள்' என்று ஒரு பலகை ஏறியது. இயற்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதன் மடியில் உட்கார இடம் தருகிறார்களாம் என்று அன்றே என் மனைவியிடம் சொன்னேன்.

"காபி ஆறுது" என்றாள் அவள்.

என் கோபத்திற்குக் காரணம் பலகை அன்று, பள்ளம். தெருவுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் பரப்பில் ஒரு பள்ளம் உண்டு. அதை யாரும் வெட்டவில்லை. மழை பெய்தால் சுற்றுவட்டாரத்து நீரெல்லாம் அதில் வந்து சேரும்; நான்கைந்து மாதம் தங்கும்; மெல்ல மண்ணுக்குள் இறங்கி எங்கள் கிணறுகளில் எழும். இப்படி மூன்று பள்ளங்கள் இருந்தன. முதலாவதை மூடிச் சரக்குக் கிடங்கு கட்டினார்கள். இரண்டாவதை மூடிக் கடைவளாகம் கட்டினார்கள். அவற்றை ஒட்டியிருந்த தெருக்களின் கிணறுகள் இரண்டே கோடையில் வாய் பிளந்துவிட்டன. அந்தத் தெருக்காரர்கள் இன்று தண்ணீர் லாரியின் நேரத்தைப் பார்த்துத் தூங்கி எழுகிறார்கள்.

எஞ்சியிருந்தது எங்கள் பள்ளம் ஒன்றுதான். அதையும் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பி நாற்பது மனைகளாகப் பிரிக்கப் போவதாக நிறுவனத்தின் வரைபடம் சொன்னது.

எங்கள் கிணற்றின் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்திருக்கிறேன். வீடு கட்டிய ஆண்டில், மேலிருந்து எண்ணினால் ஐந்தாவது முடிச்சிலேயே தண்ணீர். சென்ற கோடையில் பதினான்காவது முடிச்சில்தான் தண்ணீர். கயிற்றில் மொத்தம் பதினாறு முடிச்சுகள். அதற்குக் கீழே கிணறும் இல்லை; பாறைதான். என் போராட்டத்தின் கணக்கு இவ்வளவுதான்: பள்ளம் போனால் இரண்டு முடிச்சில் எங்கள் கிணறும் போகும், தெருவில் உள்ள முப்பது கிணறுகளும் உடன் போகும்.

நிறுவனத்தின் மேலாளருக்குப் பதினொரு விண்ணப்பங்கள் எழுதினேன். வேலியோரத்தில் இருந்த விற்பனை அலுவலகத்துக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு முறையும் அதை வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து மீசையைச் சரிபார்த்துக்கொண்டே, "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். அதனால் தெருவில் அவருக்கு 'ஆகட்டும்' என்றே பெயர் விழுந்துவிட்டது. என் விண்ணப்பங்களில் பிழை ஒன்றுகூடக் கிடையாது. அதுவே குறையாகிவிட்டது போலும். பிழை இருந்திருந்தால் சிரிப்பதற்காகவாவது யாரேனும் படித்திருப்பார்கள்.

இதில் எனக்கு நேர்ந்த பெரிய சங்கடத்தை இனிச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தின் பொறியாளர் என் ஒரே மகளின் கணவர்.

மாப்பிள்ளை நல்லவர். வேலையிடம் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்ததால் நாள்தோறும் மதிய உணவுக்கு வருவார். முதல் வாரத்தில் பள்ளத்தைப் பற்றி நானும் அவரும் பேசிய பேச்சில் குழம்பு ஆறிற்று, சோறு காய்ந்தது, அன்று உடன் வந்திருந்த மகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். அன்றே என் மனைவி இரண்டு சட்டங்கள் இயற்றினாள். ஒன்று, சாப்பாட்டு மேசைக்குப் பள்ளம் வரக்கூடாது. இரண்டு, சேற்றுக்காலணியோடு மாப்பிள்ளை முன்வாசலுக்கு வரக்கூடாது. சமையற்கட்டுப் பக்கமாகத்தான் வர வேண்டும். இரண்டையும் அவர் மீறியதே இல்லை. இரண்டாவது சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு அது தேவைப்படும்.

வேலை தொடங்கிய புதிதில் ஒருநாள் அவர் முன்வாசலுக்கு வெளியே தெருவில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். கையில் சிவப்புச் சாயப் புட்டி இருந்தது. மட்டம் பார்ப்பதற்கு அசையாத கல் ஒன்று வேண்டுமாம். அந்தக் கல்லின் உயரத்தை நூறு என்று தம் நோட்டில் எழுதிக்கொண்டால், எந்தச் சாலை எவ்வளவு உயரம், எந்த வடிகால் எவ்வளவு தாழ்வு என்பதெல்லாம் அதிலிருந்து கூட்டியும் கழித்தும் கிடைத்துவிடும் என்று விளக்கினார். சுற்றியிருந்தவை எல்லாம் நேற்று முளைத்த கட்டடங்கள். பழைய கல் என்றால் எங்கள் வாசற்படிக்கல் ஒன்றுதான்.

"ஊரே நகர்ந்தாலும் இது நகராது மாமா. உங்களை மாதிரி" என்றார்.

என் பள்ளத்தை மூடுவதற்கான அளவுகளை என் வாசலிலிருந்தே எடுப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளேயிருந்து, "மாப்பிள்ளை கேக்கறார், கல்லுதானே, தேஞ்சா போயிடும்" என்று குரல் வந்தது. கல்லின் முகத்தில் சிவப்பு அம்பு ஒன்றை வரைந்தார். அதை மட்டும் அழியாமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் காத்தவனுக்கு ஓர் அம்பைக் காப்பது பெரிய காரியமா?

அதன்பின் அவர் நிலத்தை முழுவதும் அளந்தார். நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு பழைய மதகுக் குழாய் உண்டு. குடியிருப்பின் மழைநீர் முழுவதும் வடிகால் வழியாக அந்தக் குழாய்க்குப் போய் வெளியேற வேண்டும் என்பது திட்டம். நிலம் மேசைபோலத் தட்டையானது; இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மொத்தச் சரிவே ஒரு சாண்தான். குழாயின் உயரம் நோட்டில் ஏறியது. நோட்டு பைக்குள் போயிற்று. வடிகால் வேலை தொடங்கச் சில வாரங்கள் இருந்தன.

அந்தச் சில வாரங்களில் என் மனைவிக்கு முழங்கால் வலி வந்தது.

வாசற்படியில் ஏறும்போதெல்லாம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கல்லைப் போட்டவன் ஒட்டகத்துக்குத்தான் வீடு கட்டியிருக்கான்" என்பாள். கல்லைப் போட்டவன் நான். எங்கள் தெருவில் எல்லாருக்கும் வேலை செய்யும் கொத்தனாரை வரவழைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். கல்லை ஒரு சாண் இறக்கி, மேலே சிறிய படி ஒன்று சேர்த்துவிட்டால் அம்மா பூப்போல ஏறிவிடுவார்கள் என்றார்.

சம்மதித்தேன். சிவப்பு அம்பில் கீறல் விழக்கூடாது என்று மட்டும் ஆறு முறை சொன்னேன். பாவம், அவர் கல்லுக்கு ஈரச்சாக்கைச் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்து வைத்து, அடியில் தோண்டி, மறுபடியும் அதே கல்லை அதே இடத்தில் கிடத்தினார். சாக்கை அவிழ்த்தபோது அம்பு புதிதுபோல மின்னியது. நானே ஈரத்துணியால் துடைத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று மாலையில் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அம்பைக் காத்தேன், கல்லை இறக்கினேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்பது என் புத்திக்கு எட்டவேயில்லை.

அடுத்த வாரம் வடிகால் வேலை தொடங்கியது. புதிய ஆள் ஒருவர் அளவுகோலைக் கொண்டுவந்து எங்கள் கல்லின்மேல் நிறுத்தினார். மாப்பிள்ளை தொலைவில் நின்று, மட்டக்கருவியின் கண் வழியாக அளவுகோலின் எண்களை மட்டும் பார்த்தார். வாசலை அவர் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. சாப்பிட வந்ததோ சமையற்கட்டு வழியாக.

இரண்டு மாதத்தில் வடிகால் முடிந்தது. பள்ளத்தின் கரையை ஒட்டி வளைந்து, விற்பனை அலுவலகத்தைத் தாண்டி, மதகுக் குழாயைத் தொட்டது. ஒரு வெள்ளிக்கிழமை இடிபாடு ஏற்றிய லாரிகள் எங்கள் தெருமுனையில் வரிசையாக வந்து நின்றன. திங்கட்கிழமை காலை கொட்டத் தொடங்குவார்களாம். அன்று நான் பன்னிரண்டாவது விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். 'பெருமதிப்பிற்குரிய' என்ற சொல்லுக்கு மேல் எழுதக் கை வரவில்லை. போய்க் கயிற்றை இறக்கிப் பார்த்தேன். பதினைந்தாவது முடிச்சு.

சனிக்கிழமை நண்பகலில் மழை பிடித்தது.

அப்படி ஒரு மழையை நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது பார்த்ததுண்டு. கூரைகள் முழங்கின. தெரு மங்கி மறைந்தது. எங்கள் தெருவின் தையற்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் ஓய்வுபெற்ற தபால்காரரும் குடைகளைப் பிடித்துக்கொண்டு, குடையால் ஒரு பயனும் இல்லாமல் முழுக்க நனைந்தபடி, எங்கள் வீட்டுப் பின்சுவர் ஓரமாக வந்து நின்றார்கள். நானும் போய் நின்றேன். என் மனைவி முழங்கால் வலியை மறந்து ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்றாள்.

வடிகாலில் ஓடிய நீர் மதகுக் குழாய்வரை போயிற்று. குழாய்க்குள் ஏற முடியாமல் தயங்கிற்று. விருந்துக்கு வந்தவர் கதவு பூட்டியிருக்கக் கண்டு திரும்புவதுபோலத் திரும்பி வந்தது. பள்ளத்தின் கரையருகே வடிகாலின் சுவரும் தாழ்வாக இருந்தது. நீர் அதைத் தாண்டி, குடியிருப்பின் மொத்த மழையையும் அள்ளிக்கொண்டு, பழுப்புத் துணியை விரித்தாற்போலப் பள்ளத்துக்குள் விழுந்தது. தபால்காரர் குடையை மடக்கிவிட்டார். தையற்காரர் காரணமேயில்லாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஞாயிறு காலைக்குள் பள்ளம் கரைமட்டும் நிறைந்து, எங்கிருந்தோ வந்த தவளைகள் பதினொரு விண்ணப்பங்களையும் ஒரே குரலில் படித்துக்கொண்டிருந்தன.

கயிற்றை இறக்கினேன். பன்னிரண்டாவது முடிச்சு. அறுபத்தேழு வயதில் கிணற்றடியில் ஒற்றைக்காலில் குதித்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், பரவாயில்லை.

மகிழ்ச்சி மாலைவரை நீடித்தது. கொத்தனார் வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசற்படியையே பார்த்தபடி நின்றார். வடிகாலின் கடைசிப் பகுதியைக் கட்டியவரும் அவரே. அதன் தளம் மதகுக் குழாயைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்ததைக் கட்டும்போதே கவனித்தாராம். படித்தவர்கள் போட்ட அளவு என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

"ஐயா, அந்த ஒரு சாணும் இந்த ஒரு சாணும் ஒண்ணுதாங்க" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. நோட்டில் நூறு என்று எழுதிய கல் ஒரு சாண் கீழே போய்விட்டது. அதை நம்பி அளந்த வடிகால் முழுவதும் ஒரு சாண் கீழே போய்விட்டது. பழி யார்மேல் விழும்? மறுநாள் காலையில் மேலாளர் கூட்டம் கூட்டவிருப்பதாகவும், பொறியாளரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வேலையிடத்தில் பேச்சு அடிபடுவதாகவும் கொத்தனார் சொன்னார்.

அவர் போனபின் கூடத்தில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் மாப்பிள்ளையின் வேலை போகும். அவர் பெயரும் கெடும். திறந்தால், தவறு இன்னதென்று தெரிந்துவிடும். வடிகாலை ஒரு சாண் உயர்த்துவார்கள். நீரை இறைத்துவிட்டு லாரிகளைக் கொண்டுவருவார்கள். மாணவர்களிடம் உண்மையைத் தவிர வேறெதையும் ஏற்காதவன் நான். அன்று மாலை அரைமணி நேரம், அந்தக் கொள்கையை எனக்கு மட்டும் தளர்த்திக்கொள்ள முடியுமா என்று யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மனைவி எதிரில் வந்து உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பள்ளமா, மாப்பிள்ளையான்னு கேட்டா நான் என்னடி சொல்றது?" என்றேன்.

"நம்ம கல்லு செஞ்சதைச் சொல்லுங்க. தண்ணி செஞ்சதையும் சேத்துச் சொல்லுங்க. பாதியைச் சொல்லிட்டு ஏன் திரும்பி வரணும்?" என்றாள். பிறகு, காலையில் மறுபடி முக்காலியில் ஏறித் தான் பார்த்த ஒன்றைச் சொன்னாள். பள்ளம் நிறைந்த பிறகும் வழிந்த கொஞ்சம் நீர் விற்பனை அலுவலகத்தின் வாசற்படிவரை வந்து நின்றதாம். அதை நான் கவனிக்கவில்லை. வடிகாலையும் தவளைகளையுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை, விண்ணப்பம் இல்லாமல் அந்த அலுவலகத்துக்குப் போனது அதுவே முதல்முறை. நடுவில் கண்ணாடிப் பேழைக்குள் குடியிருப்பின் மாதிரி இருந்தது. தீப்பெட்டி அளவு வீடுகள், பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் பஞ்சு. மேலாளர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். மாப்பிள்ளை சுவரோரம் நின்றார். இரண்டு இரவுகள் தூங்காத முகம். என்னைக் கண்டதும் மேலாளரின் கை பழக்கத்தால் இழுப்பறைக்குப் போயிற்று.

நான் உட்காரவில்லை. என் மனைவியின் முழங்காலிலிருந்து தொடங்கி, ஈரச்சாக்குவரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். தவறு பொறியாளருடையதன்று, என்னுடையது என்று முடித்தேன். மாப்பிள்ளை என்னையே பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு.

"ஊரே நகர்ந்தாலும் நகராதுன்னு சொன்னேனே மாமா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மேலாளருக்கும் முகம் தெளிந்தது. அப்படியானால் வடிகாலை உயர்த்திவிட்டு, பள்ளத்தை நிரப்பும் வேலையைத் தொடரலாமே என்றார். இதற்குத்தான் நான் அஞ்சியிருந்தேன். மனைவி சொல்லியனுப்பிய மறுபாதியைச் சொன்னேன்: மூன்று ஏக்கர் பள்ளம் வயிறுமுட்டக் குடித்த பிறகும் மிச்சம் இந்த வாசற்படிவரை வந்தது, பள்ளம் இல்லையென்றால் அந்த மூன்று ஏக்கர் நீர் எங்கே போய் நிற்கும்?

பதில் சொன்னவர் மாப்பிள்ளை. சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாத பேச்சை ஐந்து மாதமாக அவரும் அடக்கி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டைப் பிரித்தார். அந்த மதகுக் குழாய் போட்ட காலத்தில் இங்கே மண் இருந்தது, மழையில் பாதியை மண்ணே குடித்தது. இன்று கூரையும் சிமெண்டும்தான், ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. வடிகால் சரியான மட்டத்தில் இருந்தாலும் குழாய் கால்பங்கைத்தான் வெளியேற்றும் என்றார். இதை எழுதி இரண்டு முறை கொடுத்ததாகவும் சொன்னார். எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பிறகு அவர் அளவுகோலைக் கொண்டுவந்து மேலாளரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பள்ளத்தை மூடிட்டா, குடியிருப்புலேயே தாழ்வான இடம் இதுதான் சார். சனிக்கிழமை மாதிரி மழை பெஞ்சா தண்ணி இங்க நிக்கும்" என்று அளவுகோலில் அவர் விரல் வைத்த இடம் மேலாளரின் சட்டையின் மேல் பொத்தான் உயரத்தில் இருந்தது.

மேலாளர் பொத்தானைப் பார்த்தார். மடித்துவிட்ட கால்சட்டையைப் பார்த்தார். 'ஆகட்டும்' என்று சொல்ல வாய் திறந்தவர், சொல்லவில்லை. எழுந்து போய்ப் பேழையின் கண்ணாடியைத் தூக்கினார். பச்சைப் பஞ்சை நகத்தால் கெல்லி எடுத்தார். அடியில் வெறும் பலகை தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து மீசைக் கண்ணாடியை எடுத்து அந்த இடத்தில் வைத்து, ஓர் அடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சின்னஞ்சிறு வீடுகள் அதில் தலைகீழாகத் தெரிந்தன. நன்றாக இருக்கிறது என்றார். ஏரிக்கரை வீடு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஒன்றைச் சேர்த்தார். அது ஏரியன்று, பள்ளம் என்று திருத்த நா எழுந்தது; அடக்கிக்கொண்டேன். வாழ்நாளில் நான் திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றே.

நாற்பது மனைகளும் வரைபடத்திலிருந்து நீங்கின. இடிபாட்டு லாரிகள் வேறு வழியாகத் திரும்பிப் போயின. கொத்தனாரே வடிகாலின் சுவரைக் கரையருகே முறையாகத் தாழ்த்தி, கற்களை அடுக்கி, மழைநீர் பள்ளத்துக்கு இறங்கும் வாயாகக் கட்டிக்கொடுத்தார். தற்செயலாக நடந்தது இப்போது திட்டப்படி நடக்கிறது. மேலும் இரண்டு மழைக்குப் பின் எட்டாவது முடிச்சு நனைகிறது. தெருக்காரர்கள் நாள்தோறும் என் வீட்டுக்கு வந்து, நாளிதழைக் கேட்பதுபோல, "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மாலையில் கரையோரம் நடக்கிறவர்களில் புதுக் குடியிருப்புக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு நாணல் எது, கோரை எது என்று தெரியாது. நான் சொல்வதுமில்லை, அவர்கள் கேட்பதுமில்லை, நீர்க்கோழி எல்லாருக்கும் பொதுவாகக் கத்துகிறது.

சென்ற வாரம் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மேசைக்குப் பள்ளம் வரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டதால் குழம்பு மறுபடியும் ஆறியது. என் மனைவி, படியை இன்னும் இரண்டு விரற்கடை இறக்கினால் முழங்காலுக்கு இதமாக இருக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மாப்பிள்ளையின் கை சோற்றில் நின்றது.

"எறக்குங்க அத்தை. ஆனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறக்குங்க."

"இனிமே நீங்களே பாத்துக்கலாம். முன்வாசல் வழியாவே வாங்க, சேறு இருந்தா இருக்கட்டும்" என்றாள் அவள்.

மறுநாள் மதியம் அவர் முன்வாசல் வழியாக வந்தார். படிக்கல்லின் எதிரே குனிந்து, சிவப்பு அம்பின் உயரத்தைச் சாணால் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, சேற்றுக்காலணியோடு உள்ளே ஏறினார்.